அழியும் இரும்பைப் பேணுதல்

பிரேக் காலிப்பர் என்பது காரின் சக்கரத்துக்கு உட்புறமாக இருந்து, சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் உறுப்பு. ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தள்ளியதும் பிரேக் பேடுகள் டிஸ்க்கை இருபுறமும் நெருக்கும். உராய்வில் வேகம் வெப்பமாக மாறி வண்டி நிற்கும். பெரும்பாலான கார்களில் காலிப்பர் வார்ப்பிரும்பால் ஆனது. சில விலையுயர்ந்த வண்டிகளில் அலுமினியத்தால் செய்கிறார்கள். வார்ப்பிரும்புக் காலிப்பர் மழையிலும் சேற்றிலும் நனைந்து, பிரேக் சூட்டில் காய்ந்து, மறுபடி நனைந்து துருப்பிடிக்கும். அதைத் தடுக்கச் சூடு தாங்கும் பெயிண்ட் பூசுவது வண்டி வைத்திருப்பவர்களிடையே உள்ள வழக்கம்.

இந்தச் சிறிய வேலைக்குள் ஒரு பழைய சமயக் கேள்வி இருக்கிறது. துருப்பிடிப்பது இரும்பின் இயல்பு. பூசிய பெயிண்டும் சில ஆண்டுகளில் உரியும். மறுபடி பூசினால் அதுவும் ஒருநாள் உரியும். கடைசியில் இரும்பு மண்ணோடுதான் கலக்கப் போகிறது. அப்படியிருக்க, அழியப் போவது உறுதி என்று தெரிந்த பொருளை விடாமல் பேணுவது பற்றா, அறமா? நிலையாமையைக் கற்பித்த சமயங்கள் இந்தப் பேணலை எந்தக் கணக்கில் வைக்கின்றன?

சானமாவும் இரும்பும்

இந்தக் கேள்வியை எழுப்பப் பொருத்தமான இடம் ஓசூரை அடுத்த சானமாவு. ஒருபுறம் காப்புக்காடு. மறுபுறம் கர்நாடக எல்லையை ஒட்டி வளர்ந்த தொழில் நகரம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, ராகி விளைந்த செம்மண் நிலத்தில் வாகன ஆலைகள் எழுந்தன. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்ட் லாரிகள் இங்கே உருவாகின்றன. பெரிய ஆலைகளைச் சுற்றி வார்ப்படம், லேத், முலாம், பெயிண்டிங் என்று சிறு பட்டறைகள் பெருகின. இரும்பைத் துருவிலிருந்து காப்பது இப்பகுதியில் ஆயிரக்கணக்கானோரின் அன்றாடப் பிழைப்பு.

இரும்போடு இம்மண்ணுக்குள்ள உறவு ஆலைகளுக்கு முன்பே தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் அகழாய்வு செய்த தமிழகத் தொல்லியல் துறை, அங்கு இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 எனக் கணக்கிட்டிருப்பதாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு வாழ்ந்தவர்கள் இரும்பைப் பயன்படுத்தினார்கள் என்பதும், இரும்பை மண் எப்படித் தின்றுவிடும் என்பதும் அந்தக் குழிகளில் ஒருசேரத் தெரிந்தன.

மூன்றாவது காரணம் சாலை. பன்னேருகட்டா காட்டிலிருந்து ஆண்டுதோறும் ராகி அறுவடைக் காலத்தையொட்டி யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக வந்து சானமாவில் முகாமிடுகின்றன. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையையும், பேரண்டப்பள்ளி அருகே கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையையும் அவை கடக்கின்றன. இரவு வேலை முடிந்து திரும்பும் தொழிலாளர்களின் இருசக்கர வண்டிகளும், சரக்கு லாரிகளும், கார்களும் செல்வது அதே சாலைகளில்தான். இருளில் குட்டியோடு சாலையேறும் யானைக்கு முன் ஒரு கார் நிற்குமா என்பதைச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த இரும்புத் துண்டுதான் முடிவு செய்கிறது. ஆகவே இங்கே பேணல் என்பது பொருளின் மீதான ஆசையைப் பற்றிய கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. பிற உயிர்களையும் அது தொடுகிறது.

துருவின் இயல்பு

பூமியில் இரும்பு பெரும்பாலும் ஆக்சிஜனோடு கலந்தே கிடைக்கிறது. சேலம் கஞ்சமலையில் உள்ள காந்தக்கல்லும் இரும்பு ஆக்சைடுதான். உலையில் கரியோடு சேர்த்து எரிக்கும்போது ஆக்சிஜன் பிரிகிறது, உலோகம் மிஞ்சுகிறது. அந்தப் பிரிவை நெருப்பின் ஆற்றலைச் செலவிட்டே பெற முடிகிறது. பெற்றது நிலையாக நிற்பதுமில்லை. இரும்பின்மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலமும் காற்றும் இருந்தால் போதும். அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து, ஆக்சிஜனோடும் நீரோடும் கூடி, நீரேறிய இரும்பு ஆக்சைடாகின்றன. அதுவே துரு. உப்பு கலந்த நீர் இதை விரைவாக்கும். கடற்கரை ஊர்களிலும், பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் குளிர்நாடுகளிலும் காலிப்பர் சீக்கிரம் கெடுவது இதனால்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், கடலுக்குத் தொலைவில் இருக்கும் ஓசூரில் துரு மெதுவாகவே வேலை செய்கிறது. ஆனாலும் நிற்காமல் செய்கிறது.

ஆகத் துரு என்பது இரும்பு தன் பிறப்பு நிலைக்குத் திரும்புவது. அதில் தீமை என்று எதுவும் இல்லை. சானமாவின் செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. துறவியின் ஆடைக்கும் கோயில் மதிலின் பட்டைகளுக்கும் நிறம் தந்த காவிக்கல்லும் அதுவே. சித்த மருத்துவம் சோகைக்குக் கொடுக்கும் அயச்செந்தூரம், இரும்பைப் புடமிட்டுச் செய்த சிவந்த பொடி. பட்டறையில் இரும்புக்கு முதலில் பூசும் ரெட் ஆக்சைடு பிரைமரின் நிறமியும் இரும்பு ஆக்சைடுதான். துருவின் பொருளைக் கொண்டே துருவைத் தடுக்கும் பூச்சு தயாராகிறது. ஒரே பொருள் வயலில் நிறமாகவும், உடலில் மருந்தாகவும், துறவில் அடையாளமாகவும், பிரேக்கில் கேடாகவும் இருக்கிறது. கேடு பொருளில் இல்லை, அது வந்து சேரும் இடத்தில் இருக்கிறது.

அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு இறுக்கமான படலமாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்புத் துரு பொரபொரப்பானது. இரும்பைவிட இரு மடங்குக்கு மேல் இடம் பிடித்துப் புடைத்து உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்கு வெளிப்படும். இதற்கு வியப்பான விதிவிலக்கு தில்லி மெஹ்ரோலியில் உள்ள குப்தர் கால இரும்புத் தூண். ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள அது 1600 ஆண்டுகளாகப் பெருமளவு துருவுக்குத் தப்பி நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் இறுக்கமான பாதுகாப்புப் படலம் உருவானது என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். அந்தத் தூணைக் காப்பதும் ஒரு வகைத் துருவே. காலிப்பருக்கு அப்படியொரு படலம் தானாக அமைவதில்லை. அதை மனிதக் கை கொடுக்க வேண்டும்.

பூச்சு வேலையின் ஒழுங்கு

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின்மேல் உறுதியாக உட்கார வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தளர்ந்த துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். இந்தத் தூசியை மூச்சில் இழுப்பது கெடுதல் என்பதால் முகக்கவசம் தேவை. பிறகு பிரேக் கிளீனர் கொண்டு எண்ணெய்ப் பசையைத் துடைத்து உலர்த்த வேண்டும். பெயிண்ட் படக் கூடாத இடங்களை மாஸ்கிங் டேப்பால் மூட வேண்டும். அதன்பின் சூடு தாங்கும் காலிப்பர் பெயிண்டை மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வோர் அடுக்கும் உலர்ந்த பிறகு அடுத்தது என, இரண்டு மூன்று முறை பூச வேண்டும். மலைப்பாதை இறக்கத்தில் டிஸ்க்கின் சூடு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. காலிப்பர் அந்த அளவு சூடாகாது என்றாலும், சாதாரண எனாமல் பெயிண்ட் அங்கே கருகிக் கொப்பளித்துவிடும்.

இந்த வேலையில் மூன்று விதிகள் முக்கியமானவை. முதலாவது, துருவை நீக்காமல் மேலே பூசக் கூடாது. அடியில் தங்கிய துரு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூச்சுக்குக் கீழேயே பரவும். வெளியே பளபளப்பும் உள்ளே அரிப்புமாக, பார்ப்பவரை ஏமாற்றும் நிலை அது.

இரண்டாவது, இயங்கும் இடங்களில் பூசக் கூடாது. பேடுகள் நகரும் தாங்கு பரப்பு, காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்கள், பிஸ்டன், அதன் ரப்பர் உறை, ஆயில் குழாய், காற்றை வெளியேற்றும் நிப்பிள் ஆகியவை பூச்சுக்கு வெளியே இருக்க வேண்டும். டிஸ்க்கின் உராயும் முகத்தில் ஒரு துளி பெயிண்டும் படக் கூடாது. ஒரு மழை இரவில் அந்த முகம் செந்துரு படிந்து நிற்கும். காலையில் சில முறை பிரேக் பிடித்ததும் பேடுகள் அதைத் துடைத்துவிடும். காலிப்பரின் உடலைப் பூச்சு காக்கிறது. டிஸ்க்கை அதன் உழைப்பே காக்கிறது. நாள்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் பேடும் டிஸ்க்கும் துருவால் ஒட்டிக்கொள்வதை எந்த மெக்கானிக்கும் அறிவார்.

மூன்றாவது, பூச்சின் எல்லையை அறிய வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல உறிஞ்சும். அந்த ஈரம் பிஸ்டனையும் அதன் உருளையையும் உள்ளிருந்து அரிக்கும். அதற்கு மருந்து வண்டித் தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் ஆயிலை மாற்றுவதுதான். வெளிப்பூச்சு உள்துருவை ஒன்றும் செய்யாது. இன்னொன்றும் உண்மை. உள்நாட்டு ஊர்களில் காலிப்பரின் தடித்த உடல்மேல் படியும் மேல்துரு பெரும்பாலும் தோற்றக் குறைதான். ஆபத்து பின்கள் இறுகுவதிலும், பேடுகள் சிக்குவதிலும், ஆயில் கசிவதிலும் இருக்கிறது. பூசுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றும் ஒருவர் இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்கிறார். பூச்சு தரும் பாதுகாப்பைவிட அந்தப் பார்வை தரும் பாதுகாப்பு பெரிது.

நிலையாமை கற்பித்தவர்கள்

தமிழில் நிலையாமையைப் பற்றிய சிந்தனை மிக ஆழமானது. சமண முனிவர்கள் பாடிய நாலடியார் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைச் சொல்லியே தொடங்குகிறது. திருக்குறளின் துறவறவியலில் நிலையாமைக்குத் தனி அதிகாரம் உண்டு. இவற்றை மேலோட்டமாகப் படித்தால், அழியும் பொருளுக்காகக் கைநோகப் பாடுபடுவது அறியாமை என்றே தோன்றும். ஆனால் அதே குறள் அரசனின் கடமையைப் பொருளீட்டுவதோடு முடிப்பதில்லை. ஈட்டியதைக் காப்பதையும் வகுத்துச் செலவிடுவதையும் சேர்த்துச் சொல்கிறது. நாலடியார் செல்வத்தின் நிலையாமையைச் சொல்வதும், இருக்கும்போதே கொடுத்து அறம் செய்யத் தூண்டுவதற்காகத்தான். நிலையாது என்பதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு அலட்சியம் அல்ல, விரைவு.

பௌத்தம் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. எல்லாக் கூட்டுப்பொருள்களும் நிலையற்றவை என்பது அதன் அடிப்படை. தம்மபதத்தில் மாசு பற்றிய இயல் ஒன்று உண்டு. இரும்பிலிருந்தே பிறந்த துரு அந்த இரும்பையே தின்பது போல, செய்தவனின் தீவினை அவனையே அழிக்கும் என்ற உவமை அதில் வருகிறது. அதற்கு அடுத்த பாடல் இக்கேள்விக்கு இன்னும் நெருங்கியது. ஓதாமல் விடுவதால் மந்திரமும், பராமரிக்காமல் விடுவதால் வீடும், விழிப்பின்மையால் காவலும் மாசுபடுகின்றன என்ற கருத்து அங்கே இருக்கிறது. அனைத்தும் அழியும் என்ற புத்தரின் மரபே, வீட்டைப் பராமரிக்காமல் விடுவதை மாசுகளின் பட்டியலில் வைத்தது. அழிவது பொருளின் இயல்பு, அழிய விடுவது மனத்தின் குற்றம் என்ற வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது.

மிலிந்தன் என்ற யவன அரசனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலும் இங்கே உதவும். தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று கேட்டு, எதுவும் தனியே தேர் இல்லை என்று நாகசேனர் நிறுவுகிறார். உறுப்புகள் ஒரு முறையில் கூடி ஒரு வேலையைச் செய்யும்போது வழங்கும் பெயரே தேர். இதைக் கொண்டு பார்த்தால், காலிப்பரைப் பேணுபவர் ஓர் இரும்புத் துண்டைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. பல உறுப்புகள் கூடிச் செய்யும் நிறுத்துதல் என்ற வேலையைப் பேணுகிறார். பற்று பொருளின்மேல் விழும், அக்கறை வேலையின்மேல் விழும்.

கிறித்தவத்தின் மலைப்பொழிவு, பூச்சியும் துருவும் அழிக்கும் மண்ணுலகில் செல்வத்தைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. யாக்கோபின் திருமுகம் ஒரு படி மேலே போய், கூலியாட்களை ஏமாற்றிச் சேர்த்துக் குவித்த செல்வத்தின் துருவே செல்வருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று எச்சரிக்கிறது. இரண்டு இடங்களிலும் கண்டனம் பதுக்கலுக்கு உரியது. பயன்பாட்டில் இருக்கும் கருவியைப் பேணுவதை அவை பழிக்கவில்லை. திருக்குர்ஆனில் இரும்பின் பெயராலேயே ஓர் அத்தியாயம் உண்டு. இரும்பில் கடும் வலிமையும் மக்களுக்குப் பயன்களும் இருப்பதாக அது சொல்கிறது. இன்னோர் இடத்தில், தீச்செயல்கள் உள்ளத்தின்மேல் துருவாகப் படிவதைச் சொல்கிறது. அந்தத் துருவை இறைநினைவு துடைக்கும் என்பது இஸ்லாமிய மரபில் பரவலான கருத்து. ஒருமுறை துடைத்தால் போதும் என்று அம்மரபு கருதுவதில்லை. நாள்தோறும் ஐந்து வேளை தொழுகையை அது கடமையாக்கியிருக்கிறது.

களிம்பும் துருவும்

ஓசூரில் குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் கோயில் நிற்கிறது. அது சார்ந்த சைவம் உலோகத்தின் கறையை ஒரு தத்துவத்துக்கே சான்றாக்கியது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளினார். அதை மூலமாகக் கொண்ட சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை விளக்கும்போது செம்பில் களிம்பை எடுத்துக்காட்டும். களிம்பு எங்கிருந்தோ வந்து செம்பில் ஒட்டியது அல்ல, செம்பு உள்ள காலமெல்லாம் அதனோடு இருப்பது என்பது சித்தாந்தத்தின் பார்வை. அப்படியே ஆணவமும் உயிரோடு தொடக்கமின்றி இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் செம்பு மின்னும், சில நாளில் மறுபடி மங்கும். முழு விடுதலை உயிரின் சொந்த முயற்சியால் மட்டும் வருவதில்லை, திருவருளால் வருகிறது என்பது சித்தாந்தத்தின் முடிவு.

அப்படியானால் தேய்ப்பது வீணா? சித்தாந்தம் வீண் என்று சொல்லவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு படிகளில் முதற்படியான சரியை, கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், விளக்கிடுதல் போன்ற உடலுழைப்பால் ஆனது. இதற்கு முதன்மைச் சான்றாக நிற்பவர் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர். அவர் கையில் இருந்தது உழவாரம் என்ற இரும்புக் கருவி. அதைக் கொண்டு கோயில் முற்றங்களில் புல்லையும் பூண்டையும் செதுக்கினார். செதுக்கிய புல் அடுத்த மழையில் மறுபடி முளைக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. யாக்கையின் நிலையாமையை உருகிப் பாடிய அதே அடியவர், மறுபடி முளைக்கும் புல்லை மறுபடி செதுக்குவதைத் தொண்டாகக் கொண்டார். இன்றும் தமிழகமெங்கும் உழவாரப்பணிக் குழுக்கள் அவ்வேலையைத் தொடர்கின்றன. மறுபடி செய்ய வேண்டியிருப்பது ஒரு செயலைப் பயனற்றதாக்காது என்பதற்குத் தமிழ் மரபில் இதைவிட வலுவான சான்று இல்லை.

துருவுக்கும் களிம்பு உணர்த்தும் ஆணவத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இரும்பைத் துருவாக்கும் நீரும் காற்றும் வெளியிலிருந்து வருகின்றன. ஆகவே பூச்சு அவற்றைத் தடுக்க முடியும். ஆணவமோ உள்ளேயே இருப்பது, எந்த வெளிப்பூச்சும் அதைத் தொடாது. சமயத்தின் வெளிச்சின்னங்களை மட்டும் அணிந்து அகத்தைத் தூய்மை செய்யாதவரைச் சித்தர்கள் கடிந்ததன் காரணமும் இதுவே. பிரேக் ஆயிலில் ஊறும் ஈரத்தை வெளிப் பெயிண்ட் நிறுத்தாது என்ற பட்டறை அறிவும் இதே உண்மையைத் தன் அளவில் சொல்கிறது. வெளியிலிருந்து வருவதற்கு ஒரு மருந்து, உள்ளே ஊறுவதற்கு வேறு மருந்து.

கோயில் தரும் விடை

நிலையான இறைவனுக்கு நிலையற்ற வீடு கட்டியதால், அதைப் புதுப்பிக்கவும் ஆகமங்கள் முறை வகுத்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது தமிழகத்தில் வேரூன்றிய வழக்கம். திருப்பணிக்கு முன் பாலாலயம் அமைத்து, மூர்த்தியின் ஆற்றலை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். கோபுரத்துச் செடிகளைப் பிடுங்கி, விரிசல்களை அடைத்து, சுதையைச் சீர்செய்து வண்ணம் பூசுவார்கள். திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்து காலப்போக்கில் வலுவிழக்கும் என்பதால் அதையும் மாற்றுவார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களில் இரும்பு ஆக்சைடான கற்காவியும் ஒன்று.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது அதன் நேர்மை. கட்டியது கெடும் என்பதைச் சடங்கே ஒப்புக்கொள்கிறது. கெடும் என்பதால் கைவிடாமல், கெடுவதற்கு ஒரு காலக்கணக்கு வைத்து அதற்கு முன் கை வைக்கச் சொல்கிறது. பழுதை நீக்கிய பிறகே வண்ணம் என்ற வரிசையையும் அது காக்கிறது. விரிசலை அடைக்காமல் வண்ணம் பூசிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடத்துவது திருப்பணி ஆகாது.

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுதபூஜையில் ஓசூரின் ஆலைகளும் பட்டறைகளும் இயந்திரங்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் இடுகின்றன. வண்டிகளுக்கு மாலை சூட்டி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். பூசைக்கு முன் செய்யும் சுத்தப்படுத்தும் வேலையே இந்த வழிபாட்டின் உடல். மாலை மட்டும் போட்டு, தேய்ந்த பேடை மாற்றாமல் விட்டால் பூசை அங்கேயே குறைபட்டுவிடுகிறது. கருவியைத் தெய்வமாகக் காண்பதன் பொருள், அது கேட்கும் பணியைச் செய்வது. எலுமிச்சம்பழம் வண்டியை நிறுத்தாது, காலிப்பர்தான் நிறுத்தும்.

அழகும் ஆணவமும்

காலிப்பருக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசுவோரில் பலர் அழகுக்காகவே பூசுகிறார்கள். பந்தயக் கார்களின் வண்ணக் காலிப்பர்களைப் பார்த்து வந்த விருப்பம் இது. இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடக் கூடாது. அய்யனார் கோயில் குதிரைக்கும், தேரின் சிற்பத்துக்கும், மாட்டுக் கொம்புக்கும் வண்ணம் தீட்டும் சமூகத்தில், அழகுபடுத்துவது அன்பின் வெளிப்பாடும்கூட. அழகாக வைத்திருக்க விரும்புபவர் அடிக்கடி பார்ப்பார். அடிக்கடி பார்ப்பவர் கசிவை முதலில் காண்பார்.

குற்றம் தொடங்குவது, இல்லாத வலிமையைப் பூச்சு பொய்யாகக் காட்டும்போதுதான். சாதாரண பிரேக்கின்மேல் வண்ணம் தீட்டிப் பந்தய வேகத்துக்குத் துணிபவரும், அரித்த காலிப்பரை மினுக்கி விற்பவரும் பிறர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இங்கே பூச்சு ஆணவத்தின் கருவியாகிறது. காந்தி சொன்ன தர்மகர்த்தாக் கொள்கை இதற்கு மாற்றாக நிற்கிறது. உடைமை என்பது பிறர் நலனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்பது அக்கொள்கை. சாலையில் ஓடும் வண்டிக்கு இது முழுமையாகப் பொருந்தும். வண்டி ஒருவருடையது, அதன் பிரேக் சாலையில் போகும் எல்லோருக்கும் உரியது. சானமாவுச் சாலையில் அந்த எல்லோரிலும் யானையும் சேரும்.

பேணலும் பற்றும் பிரியும் இடம்

பற்று, பொருள் அழியக் கூடாது என்று விரும்புகிறது. அழியும்போது துயருறுகிறது. பேணலுக்கு அந்த விருப்பம் தேவையில்லை. பொருள் ஒருநாள் அழியும் என்பதை ஏற்றுக்கொண்டு, அது வேலையில் இருக்கும் வரை வேலைக்குத் தகுதியாக வைத்திருப்பது பேணல். பயனில் பற்று வைக்காமல் உலக நலனுக்காகச் செயல்படு என்று பகவத்கீதை சொல்லும் கர்மயோகமும் இதையே வேண்டுகிறது. பேணலுக்கு ஒரு முடிவும் உண்டு. துரு ஆழக் குழிவிட்டு, பிஸ்டன் இறுகி, சீர்செய்ய முடியாத நிலைக்கு வந்த காலிப்பரைப் பூசிப் பூசி வைத்திருப்பது பற்று. அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுப் புதியது பொருத்துவதே பேணல். உருக்காலைக்குப் போகும் அந்த இரும்பு வேறு வார்ப்பாகத் திரும்பி வரும்.

ஆகவே, காலிப்பருக்குப் பூச்சிடுவது நிலையாமைக்கு எதிரான பிடிவாதம் ஆகாது. நிலையாமையை உணர்ந்தவர் செய்யும் கடமை அது. மூன்று நிபந்தனைகள் கூடினால் அது அறமாகும்: துருவை நீக்கிய பின்னரே பூச வேண்டும், இயங்க வேண்டிய இடங்களை இயங்க விட வேண்டும், பூசியதோடு மறந்துவிடாமல் குறித்த காலத்தில் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். இவை மூன்றும் இருந்தால், நிறம் சிவப்பா கறுப்பா என்பது பூசுபவரின் விருப்பம்.